இனிகோ இறக்கிய மூட்டைகள்

எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. படிப்பும் பாதியில் நின்றது. வண்டி விஷயத்தைத் தப்பாகச் சொல்லி, என் தம்பியைக் கெட்டவனாக்கிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

வேம்பாரில் அன்று மழை மூட்டம். என் கருவாட்டு மூட்டைகளும் பக்கத்து வீட்டு பிளாரன்ஸின் மூட்டைகளும் தம்பி இனிகோவின் பிக்கப்பில் ஏறிவிட்டன. நனைவதற்குள் தூத்துக்குடி போய்ச் சேரவேண்டும்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவன், என் மூட்டைகளில் பாதியை இறக்கிவிட்டான்.

"ஏம்ல?"

"ஒன்னேகால் டன்தான்க்கா ஏத்தலாம். ஆளுங்க எடையும் அதுலதான் சேத்தி."

பிளாரன்ஸ் சிரித்தாள். "ஏளா, மூட்டைக்குப் பதிலா நீ எறங்கு. கணக்கு சரியாயிரும்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்து உப்பளத்து முதலாளி உப்பு மூட்டைய இதுக்கு ரெண்டு மடங்கு ஏத்திட்டுப் போனியே, அப்ப எங்கல போச்சு ஒங்கணக்கு? அடியில ரெண்டு வில்பட்டை கூடப் போட்டிருக்கேன்னு பீத்துன!"

"பட்டை போட்டா வண்டி பின்னால தாழாது, அவ்வளவுதான். பின் அச்சு அதே அச்சுதான. தாங்குறதுக்கு மேல ஏத்துனா என்னைக்காவது முறியும். பின்பாரம் கூடுனா முன் சக்கரம் லேசாயிரும், ஸ்டியரிங்கும் கேக்காது."

"முதலாளி உப்புக்கு முறியாத அச்சு, கூடப்பொறந்தவ கருவாட்டுக்குத்தான் முறியுமோ?"

இறக்கிய மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டினான்.

"இன்னொரு நடை வந்து எடுத்துக்கிடுதேன். ரெண்டு பேரும் முன்னால ஏறுங்க."

தருவைகுளம் வரை வைதுகொண்டே வந்தேன். காசுக்காரன் பாரம் பூவாகத் தெரிகிறதா, அக்கா பாரம்தான் இரும்பாகக் கனக்கிறதா என்று கேட்டேன்.

"முதலாளி சொல்லுதத ஏத்தலன்னா வேற வண்டி பாத்துருவாரு" என்றான், ரோட்டைப் பார்த்தபடியே. "நேத்து வண்டியில நான் மட்டும்தானக்கா இருந்தேன்."

பிளாரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் உப்பளத்தில் அவன் வண்டி நின்றது. மூட்டைகள் மலையாக ஏறிக்கொண்டிருந்தன. நான் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்குக்கா."

"மாட்டேன். நானும் வாரேன். இன்னைக்கு மட்டுமில்ல, தினமும் வருவேன்."

அவன் பின்பக்கம் திரும்பிக் கத்தினான்.

"ஏலே, எங்கக்கா வாரா. பாதிய இறக்குங்க!"