டீச்சர் வீட்டுச் செவ்வந்தி

"நேசராணி அக்கா, கொஞ்சம் நில்லுங்க."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சஜீவனி டீச்சர் கூப்பிட்டதும் நேசராணியின் கால் அப்படியே நின்றுவிட்டது. பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிற அவசரத்தில் மற்றப் பெண்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். இவள் மட்டும் வலது கையை இறுக மூடிக்கொண்டு நின்றாள். கைக்குள் டீச்சருடைய செவ்வந்திச் செடியின் நுனிக் கொழுந்து இருந்தது. சற்றுமுன் கிள்ளியது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்த வேலை இது. முழங்கால் வலியோடு இனிமேல் மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது என்பது நேசராணிக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. பண்டாரவளையில் பூக்கடை வைத்திருக்கும் ரிஸ்கா, நல்ல செவ்வந்தியாகக் கொண்டுவந்தால் எத்தனை கட்டு என்றாலும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் நேசராணி நேரே ஓடியது டீச்சர் குவாட்டர்ஸுக்குத்தான். உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும் வெள்ளைச் செவ்வந்திக் கன்றுகளை டீச்சர் அப்போதுதான் வெலிமடையிலிருந்து வாங்கி வந்து பூச்சாடிகளில் நட்டிருந்தார். நுனியைக் கிள்ளிக் கொடுத்தால் போதும், மணலில் ஊன்றி வேர்பிடிக்க வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள்.

டீச்சரின் முகம் வாடிவிட்டது. பூக் கண்காட்சியில் வைப்பதற்காக முதன்முதலாக வளர்க்கிறாராம், ஒவ்வொன்றையும் பிள்ளை மாதிரிப் பார்க்கிறாராம்.

"கிள்ள மனசு வரல அக்கா. கோவிச்சிக்காதீங்க."

மனசு வராதாமே! இருபத்தேழு வருஷமாகக் கிள்ளுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருத்தியிடம் சொல்கிற பேச்சா இது? நேசராணிக்கு வயிறு எரிந்தது. மறுநாள் காலை அந்த வேலியைத் தாண்டும்போது கை தன்னால் நீண்டது. இரண்டே விரல்தான். கிள்ளிய கொழுந்து இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் மடிப்புக்குள் போய்விட்டது.

அன்றோடு நிறுத்தியிருப்பாள். ஆனால் நேரம் அவளுக்கு வசதியாகவே கூடிவந்தது. வாசலில் கிடந்து குரைக்கும் நாயை அடுத்த வாரமே வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். உள்ளே இருந்த சாடிகள், வெயிலுக்காகவோ என்னவோ, வாரத்துக்கு ஒரு வரிசையாக வேலியோரம் வந்தன; கிள்ளி முடித்த வரிசை உள்ளே போய்விட்டது. ஏறி நிற்பதற்குத் தோதாக ஒரு தட்டைக் கல்கூட வேலியடியில் கிடந்தது. ஆண்டவரே கண் திறந்துவிட்டார் என்று நம்பிய நேசராணி, 'இன்னைக்கு மட்டும் மன்னிச்சிருங்க சாமி' என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டினாள். அவள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் பழைய தயிர்ச்சட்டிகளில் நாற்பது கன்றுகள் வேர்விட்டு நின்றன.

இப்போது வசமாக மாட்டிக்கொண்டாள். சபையின் மாதர் சங்கத் தலைவி அவள். வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுகிறவள். டீச்சர் வாயைத் திறந்தால் கன்றுகளும் போய்விடும், பேரும் போய்விடும். அப்புறம் செத்தாலும் கள்ளி என்றுதான் லயத்தில் பேசுவார்கள்.

"கையில என்னக்கா?"

நேசராணிக்குப் பொய் வரவில்லை. கையை விரித்தாள். கொழுந்தின் நுனியில் பட்டாணி அளவில் ஒரு மொட்டும், அதைச் சுற்றி நாலைந்து பொடி மொட்டுகளும் இருந்தன. கிள்ளிய அவசரத்தில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் நேசராணி உடைந்துபோனாள். முதல் நாளிலிருந்து கிள்ளியது எல்லாம் தான்தான் என்று ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள்.

"நாப்பது சட்டியையும் கொண்டாந்து குடுத்துர்றேன் டீச்சர். சபையில மட்டும் சொல்லிராதீங்க."

டீச்சர் வேலிப் படலையைத் திறந்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நேசராணி தலையைக் குனிந்துகொண்டே போனாள். அங்கே அவள் கிள்ளிய செடி ஒவ்வொன்றும் எட்டுக் கிளை, பத்துக் கிளை விட்டு இடுப்பளவுக்குப் புதராக நின்றது. கிளைக்குக் கிளை மொட்டு. மூலையில் ஒரே ஒரு சாடியில் மட்டும், அவள் கை படாத ஒரு செடி ஒற்றைக் குச்சியாக உயர்ந்து, நிற்க முடியாமல் சாய்ந்து கிடந்தது.

"நுனியைக் கிள்ளினாத்தான் கிளைக்கும்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு. எனக்குத்தான் மனசு வரல" என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதான் நாயைக் கட்டிட்டு, கல்லையும் கொண்டாந்து போட்டு வச்சேன். சட்டியெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

டீச்சர் அந்த மொட்டை அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"கண்காட்சிக்கு ஒரு கிளைக்கு ஒரு பூதான் இருக்கணுமாம். அதனால நாளையிலருந்து நடு மொட்டை விட்டுட்டு, பக்கத்து மொட்டை மட்டும் திருடுங்கக்கா."