முதலில் வரும் பெயர்

எல்லா லேபிள்களும் அழகாக இருந்தன.

அவற்றில் ஒன்றுகூட அவள் எழுதியதில்லை.

மதுரையில் தங்கை வீட்டிலிருந்து இப்போதுதான் மலையேறி வந்திருக்கிறாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. தோட்டத்தில் ஐரிஸ் பூச்செடியின் நாற்றுத் தொட்டிகள் வைத்தபடியே இருந்தன. தயிர் டப்பாவை வெட்டி அவள் செருகியிருந்த பெயர்ப் பட்டைகளைத்தான் காணோம். அவற்றின் இடத்தில் கடையில் வாங்கிய வெள்ளை லேபிள்கள். கணவரின் குண்டு குண்டான வாத்தியார் எழுத்து.

நீலன் × பொன்னி.

அடுத்த தொட்டியிலும் நீலன் × பொன்னி.

அதற்கடுத்ததிலும்.

நீலன் நீலப் பூ ஐரிஸ், பொன்னி மஞ்சள்; இரண்டுக்கும் பெயர் வைத்தது அவள்தான். பாதித் தொட்டிகளில் அவள் பொன்னி × நீலன் என்று எழுதியிருந்தாள். காயைச் சுமந்த செடியின் பெயர்தான் முதலில் வரும். மகரந்தம் கொடுத்தது பின்னால். பூச்செடிகளை இனக்கலப்பு செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பொன்னி தாயானால் அந்த மஞ்சள் பிள்ளைகளுக்கு இறங்குமா என்று பார்க்க அவள் வருடக்கணக்காகக் காத்திருந்தாள். பொன்னி காய் பிடித்தது ஒரே ஒரு முறைதான். போன மழையில் கிழங்கு அழுகிச் செத்தும் போனது. அது சுமந்த பிள்ளைகள் இந்தத் தொட்டிகளில்தான் எங்கோ இருக்கின்றன. எவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

கணவர் ஜெபராஜ் காபி டம்ளரோடு வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாதித் தொட்டியில தப்பா எழுதி வச்சிருந்த. பொம்பள பேர முன்னாடி போட்டு. எல்லாத்தையும் திருத்திட்டேன்."

"பழசெல்லாம் எங்க?"

"குப்பையோட கொளுத்திட்டேன். ஒரே அழுக்கு."

அவள் பையை இறக்கி வைத்தாள். கத்தலாம். கத்தினால், ஒரு பூவுக்கா இவ்வளவு என்பார். உதவி செய்தவனுக்கு இதுதான் மரியாதையா என்பார். அப்புறம் மூன்று நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். மனிதரை அவளுக்குத் தெரியும்.

லேபிள் எழுதிய பேனா ஜன்னல் விளிம்பில் கிடந்தது. மழைக்கும் அழியாத மை.

எடுத்துக்கொண்டாள்.

தொட்டிகள் பக்கம் போகவில்லை. நேராக வாசல் கேட்டுக்குப் போனாள்.

அவளுடைய அம்மா அவளுக்கென்று எழுதிக்கொடுத்த வீடு இது. கேட்டில் வெள்ளைப் பலகை. 'த. ஜெபராஜ், தலைமையாசிரியர் (ஓய்வு).'

அந்தப் பெயருக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது.

"காபி ஆறுது பாரு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவள் பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.