ஆஸ்விக்கிலிருந்து வந்தவர்

பெரிய வியாழனன்று பன்னிரண்டு ஏழைகளின் பாதங்களைக் கழுவுவது பேராயர் வல்ஃபிரிக்கின் வழக்கம். இங்கிலாந்து அரசருக்கு ஆலோசனை சொல்பவரும் அவர்தான். கலகம் செய்த ஆஸ்விக் கிராமத்தை என்ன செய்யலாம் என்று அரசர் கேட்டபோது, கொளுத்திவிடுவதே நல்லது என்றார் பேராயர். அங்கே ஓர் உயிரும் மிஞ்சவில்லை என்று பனிக்காலத்தில் செய்தி வந்தது.

தேவாலயத்தில் முதலாவதாக உட்கார்ந்திருந்த கிழவர் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார்.

"நாலு மாசமாத் தண்ணியே படாத காலு, ஆண்டவரே. மூக்கைப் பொத்திக்குங்க."

பேராயர் சிரித்துவிட்டார். முழங்கால் வலியோடு பன்னிரண்டு பேரையும் முடித்து எழுந்தபோது, பெஞ்சின் கோடியில் இன்னொருவர் இருந்தார். பேராயர் மறுபடியும் மண்டியிட்டார். ஊற்றிய தண்ணீர் சாம்பலாய்க் கறுத்தது.

"எந்த ஊருப்பா?"

"ஆஸ்விக்குங்க."

பேராயர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அங்க இப்ப யாரு இருக்கா?"

"அங்க யாரும் இல்லீங்க. எல்லாரும் வந்துட்டோம். மத்தவங்க வெளியில நிக்கிறாங்க."

பணியாளர் காட்வின் அருகே வந்து குனிந்தார். "ஆண்டவரே, அரசர் ஆள் அனுப்பியிருக்கார். இன்னொரு கிராமத்தையும் கொளுத்தலாமான்னு கேக்குறார்."

"வேண்டாம்னு சொல்லு. சொல்லிட்டு, தண்ணி கொண்டு வா."

மாலைவரை பேராயர் எழுந்திருக்கவில்லை. வெளியே யாருமே இல்லை என்று காட்வின் பலமுறை சொல்லிப் பார்த்தார். ஆனால் கிணற்றிலிருந்து அவர் தெளிந்த நீராக மொண்டு வந்த ஒவ்வொரு குடமும், பேராயரின் கைகளுக்கிடையே கறுத்துத்தான் வடிந்தது.