முடிச்சு அவிழும் வரை

தேசியச் சாரணர் ஜம்போரி முகாமில், சமையல்காரி சௌரியம்மாள் கொத்தமல்லி ஆய உட்கார்ந்தால் உதவுகிறோம் என்று முப்பது கைகள் அதைப் பிடுங்கின. அன்றைய நற்செயலுக்கு ஒருவர் மனதார நன்றி சொன்னால்தான் பிள்ளைகளின் கழுத்துத்துணி முடிச்சு தானாக அவிழும். அவிழ்ந்தால்தான் சாப்பாட்டுப் பந்தலின் கதவு திறக்கும். சாரணருக்குச் சாரணர் உதவினால் கணக்கில் வராது. அந்த முகாமில் சாரணர் அல்லாதவள் அவள் ஒருத்திதான்.

"நன்றி, நன்றி, நன்றி! போதுமா?"

ஒரு முடிச்சும் அசையவில்லை.

"மனசாரச் சொல்லுங்க ஆன்ட்டி" என்று ஒரு சிறுமி கெஞ்சினாள்.

"என் உயிரை வாங்காம அந்தப் பக்கம் போயேன், புண்ணியமாப் போகும்!"

சிறுமி மிரண்டு விலகினாள்.

"அப்பாடா! நல்லா இரு தாயி, நன்றி."

முடிச்சு அவிழ்ந்தது. அதைப் பார்த்ததுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் விலகி நின்றது. சௌரியம்மாள் நெஞ்சு குளிர எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பந்தல் நிரம்பியது.

அடுப்பில் சாம்பார் அடிப்பிடிக்கும் வாடை வந்தது. அண்டாவை இறக்க ஒரு ஆள் போதாது.

"யாராச்சும் ஒரு கை பிடிங்கப்பா!"

அதே சிறுமி பந்தலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில முதல் ஆளா வந்துடறேன் ஆன்ட்டி. சாம்பார் எப்ப வரும்?"