நனைந்த பாய்

"எத்தனை பிள்ளை பெத்தே?" என்று கேட்டார் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரி நர்சம்மா.

"அஞ்சுங்க" என்றாள் ராசாத்தி.

நர்சம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். இருபத்து நாலு வயதுக்கு மேல் மதிக்க முடியாத உடம்பு. சோதித்துப் பார்க்கப் படுக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். வழியை மட்டும் சொல்லுங்கள், போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

இருமினாலும் குனிந்தாலும் மூத்திரம் கசிகிற இந்தச் சீக்குக்கு மருந்தில்லை, பயிற்சிதான் என்றார் நர்சம்மா. "பஸ்ஸுல போறப்ப முட்டுனா அடக்கிக்கிட்டு இருப்பேல்ல? சும்மா இருக்கறப்பவும் அந்தச் சதையை அப்படியே இறுக்கிப் பிடி. மூச்சை அடக்காதே. பத்து எண்ணி விடு. தினம் மூணு வேளை செஞ்சா மூணு மாசத்துல குணம் தெரியும்."

மூன்று மாதமாம்! கீரமங்கலத்தில் அவளுக்கு மூன்று நாள்கூட மிச்சமில்லை. விடியுமுன்னே பாயும் சேலையுமாகக் குளத்துக்கு ஓடுகிறவளைப் பார்த்து ஊரே சிரித்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வாசல் கட்டிலில் படுக்கிற புருஷன் உடையப்பன் காதுக்கும் அது போயிற்று. அவன் கேட்டபோது, எனக்குத்தான் என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

நாலு பெண்களுக்குப் பின்னால் பிறந்த ஒற்றை ஆண்பிள்ளை அவன். செல்லத்துக்குக் கேட்பானேன்? அவளை அறுத்துவிட்டு வேறு பெண் கட்டுவதாகச் சொல்லி ஊர்க் கூட்டம் போட்டான்.

"ஒத்தைப் பொட்டப் புள்ளையப் பெத்துட்டு நாத்தத்தோட கெடக்கா. எப்படிங்க குடித்தனம் பண்றது?" என்றான் கூட்டத்தில்.

தாயில்லாத ராசாத்தியை ஆறு வயதிலிருந்து வளர்த்தவள் அவன் ஆத்தா கண்ணாத்தாள்தான். அத்தையே மாமியாராகவும் ஆனவள். அவளாவது ஒரு வார்த்தை பேசக் கூடாதா, பாவி? வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள்.

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ராசாத்தியைக் கேட்டார் ஊர்ப் பெரியவர் சோலையப்பன். போக அவளுக்கு அப்பன் வீடும் கிடையாது. அத்தையை ஒருமுறை பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைங்க."

சோலையப்பன் வைக்கோல் துரும்பு ஒன்றை எடுத்து உடையப்பனிடம் கொடுத்தார். அதை முறித்துப் போட்டால் கல்யாணமும் முறிந்தது. முறித்த துரும்பை ஒட்டவைக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. உடையப்பன் முறித்துப் போட்டான்.

பிள்ளை அப்பனுக்குத்தான் என்றது கூட்டம். இடுப்பிலிருந்த மகளை ராசாத்தி இறக்கிவிட்டாள். அது வீறிட்டு அழுதது.

கண்ணாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகன் முன்னால் வந்து நின்றாள்.

"அவளுக்கு ஒரு சீக்கும் இல்லடா. பாயை நனைச்சது நான்."