டென்ஸிலின் கடைசி விமர்சனம்

லண்டனில் மாலை நான்கு மணிக்கே இருட்டியிருக்கிறது. விளக்குப் போடாத அறையில் தொலைக்காட்சியின் நீல ஒளி டென்ஸிலின் முழங்கால்வரை வந்து நிற்கிறது. முப்பத்தொரு வருடங்களாக நாளிதழுக்குத் தொலைக்காட்சி விமர்சனம் எழுதியவருக்கு இன்று கடைசி முறை. எழுதி முடித்த தாளோடு, நாளிதழ் அலுவலகத்தில் அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யும் மார்ஜரியை எப்போதும்போல் தொலைபேசியில் அழைக்கிறார். முதல் வாக்கியத்திலேயே தட்டும் ஓசை நின்றுவிடுகிறது. “இதை அரை மணி முன்னாடியே சொல்லிட்டீங்களே டென்ஸில். கடைசி நாள்னு ரெண்டு தடவை உயிரை வாங்கணுமா?” “நான் கூப்பிடவே இல்லையே. கடைசி வரியைப் படிங்க.” மறுமுனையில் காகிதம் சரசரக்கிறது. “‘பாதி நாடகங்களைத் தூங்கிவழிந்தபடிதான் பார்த்தேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.’ துணிச்சல்தான் உங்களுக்கு.”

அவர் கையிலுள்ள தாளில் அந்த வரி இல்லை. எழுத நினைத்து, பேர் கெட்டுவிடுமென்று பயந்து விட்டுவிட்ட வரி அது, யாரிடமும் சொன்னதில்லை. திரையில் வெறும் புள்ளிகள் இரைகின்றன. “அதை எடுத்துடுங்க மார்ஜரி. அது நான் இல்ல.” “உங்க குரல்லயே ஒருத்தர் கூப்பிட்டு அதை எடுக்கச் சொல்வார், எடுக்காதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க,” என்கிறாள் மெல்ல. பிறகு தொலைபேசியை வைத்துவிடுகிறாள்.