எட்டு இஞ்ச்

"இடது கை மறுபடியும் எட்டு இஞ்ச் குறையுது, ஆன்ட்டி."

பெர்னதெத்திடம் தர்ஷினி தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். தான் அளந்ததில்தான் பிசகோ என்று மூன்று முறை டேப்பை வைத்துப் பார்த்துவிட்டாள். வலது கை பத்தொன்பது. இடது கை பதினொன்று.

ஜோகுபாளையம் சர்ச் ஹாலில் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். பிளாட்பாரத்தில் படுப்பவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் அங்கே கூடி ஸ்வெட்டர் பின்னுகிறார்கள். அளவு பார்த்து, மடித்து, தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் சில்வெஸ்டரிடம் ஒப்படைப்பது தர்ஷினியின் வேலை.

குழுவை நடத்தும் குளோரியா ஸ்வெட்டரை வாங்கி எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள்.

"என்ன பெர்னதெத், இதோட அஞ்சாச்சு. ஒரு பக்கம் முழுக்கை, ஒரு பக்கம் அரைக்கை. புது ஃபேஷனா?"

சிரிப்பு எழுந்தது. பெர்னதெத் மட்டும் ஊசியைப் பார்த்தபடி இருந்தாள்.

"துபாய்ல இருக்கிற உன் பையன் ரயானுக்கும் இப்படித்தான் பின்னுவியா?"

"அவனுக்கும் இப்படித்தான் பின்னுவேன்."

"துபாய் வெயில்ல யாருக்குமா ஸ்வெட்டர்!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, மறுபடி சிரிப்பு.

"முன்னாடி பின்னின நாலும் போயிடுச்சில்ல?" என்று பெர்னதெத் கேட்டாள்.

"எங்க போறது? பீரோவுல கெடக்கு. ஏழைன்னா எதைக் குடுத்தாலும் மாட்டிக்குவான்னு நெனச்சியா?"

பெர்னதெத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"ஒண்ணுகூடப் போகலையா? ரெண்டு மாசமாச்சே குளோரியா! அப்படியே குடுத்துடுங்க. ஒரு ஆளுக்காவது ஆகும்."

"அடுத்த வாரமும் இப்படின்னா ஊசியை வச்சிட்டு வீட்டுலயே இரு. நூல் தண்டமாப் போகுது."

"பின்னாதேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இதை விட்டா எனக்கு வேற வழி தெரியல."

அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அன்று கிளம்பும்போது தர்ஷினி ஐந்து ஸ்வெட்டர்களையும் மிச்ச நூலையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆன்ட்டிக்குக் கண் மங்கிவிட்டதோ, ஞாபகம் தவறுகிறதோ, கேட்க அவளுக்குத் துணிவில்லை. கம்பெனி பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் உட்கார்ந்து, ஒவ்வொரு இடது கையின் விளிம்பையும் அவிழ்த்து, எட்டு இஞ்ச் சேர்த்துப் பின்னினாள். முதல் இரண்டு கைகளில் கணக்குத் தவறிப் பிரித்தாள். ஐந்தாவதை அளந்தபோது இரண்டு பக்கமும் பத்தொன்பது. எதைச் செய்தாலும் சரிதானா என்று நூறு முறை யோசிப்பவளுக்கு இந்த ஒன்றில் சந்தேகம் வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் சில்வெஸ்டரிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை சில்வெஸ்டர் ஹாலுக்குள் வந்து ஒரு ஸ்வெட்டரை மேஜைமேல் வைத்தார்.

"நாலு போயிடுச்சு. இது ஒண்ணு திரும்பி வந்துடுச்சு."

குளோரியா விரித்துப் பார்த்தாள். "ரெண்டு கையும் சரியாத்தானே இருக்கு?"

பெர்னதெத் எழுந்து வந்தாள். இடது கையைத் தோளிலிருந்து விளிம்புவரை விரலால் தடவினாள். விரல் போய்க்கொண்டே இருந்தது.

"இவ்வளவு நீளம் நான் பின்னலையே..."

"நான்தான் சரி பண்ணினேன், ஆன்ட்டி. அஞ்சையும்." தர்ஷினி கூச்சத்தோடு சிரித்தாள். "உங்களை அனுப்பிடக் கூடாதேன்னு."

பெர்னதெத் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு திருப்பிக் குடுத்தது?"

"ஒக்கலிபுரம் பாலத்தடியில ஒரு பையன்மா" என்றார் சில்வெஸ்டர். "ஆசையா மாட்டினான். நெஞ்சுல சடை மாதிரி இறங்குது பாருங்க, அந்தப் பின்னலைத் தடவித் தடவிப் பார்த்தான். கண்ணு கலங்கிடுச்சு. 'யாரு பின்னினது, எங்க இருக்காங்க'ன்னு என் கையைப் புடிச்சிக்கிட்டான். பதில் சொல்றதுக்குள்ள இடது பக்கம் தொங்கினதைப் பார்த்தான். 'எங்கம்மான்னு நெனச்சிட்டேன், அவங்களா இருந்தா முழுக்கை வச்சிருக்க மாட்டாங்க'ன்னு கழட்டிக் குடுத்துட்டு, பக்கத்து ஸ்டேஷன்ல கிளம்பிட்டிருந்த ஏதோ ஒரு ரயில்ல ஏறிட்டான். பாவம், முழங்கைக்குக் கீழ அவனுக்கு இடது கை இல்ல."